வெண்ணிறப் பல்லடைப்பின் வரலாறு

பல் போனால் சொல் போயிற்று என்பர் நம் முன்னோர். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய மரபு நம்முடையது. எனினும், துலக்குதல் சொத்தையைத் தடுக்க உதவுமேயன்றி, விழுந்துவிட்ட குழியை நிரப்பாது. குழி விழுந்த பல்லைப் பிடுங்காமல் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு அறிவியலார் விடை கண்ட வரலாற்றை நாம் இங்குச் சுருங்கக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது பாதரசக் கலவை. வெள்ளி, வெள்ளீயம் முதலியவற்றின் தூளைப் பாதரசத்தோடு குழைத்துக் குழியில் அடைப்பர். அது இறுகிக் கல்போலாகும். மெல்லும் அழுத்தத்தைப் பல்லாண்டுகள் தாங்கும், விலையும் குறைவு. ஆயின், குறைகள் இரண்டு. நாளடைவில் அது கருத்துவிடும் என்பது ஒன்று. பல்லோடு ஒட்டாது என்பது மற்றொன்று, பெருங்குறையும் இதுவே. ஒட்டாத பொருள் உதிராதிருக்கக் குழியைக் குடம்போல் வாய் குறுகி, வயிறு அகன்றதாகக் குடைய வேண்டியிருந்தது. சொத்தை சிறிதாயினும், அதனைச் சூழ்ந்த நல்ல பல்லும் வெட்டுண்டது.

முன்பற்களுக்குக் கருநிற அடைப்பு பொருந்துமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிக்கேட் சிமெண்டு வழக்கிற்கு வந்தது. நிறம் பொருந்திற்று, ஆனால் உமிழ்நீரில் அது சிறிது சிறிதாகக் கரைந்தது. 1940-களில் அக்ரிலிக் பிசின் வந்தது. அதுவோ இறுகும்போது சுருங்கிற்று. பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே இடுக்கு உண்டாகி, அங்கே மீண்டும் சொத்தை பிடித்தது. நிறம் கிடைத்தும் பிடிப்புக் கிடைக்கவில்லை.

அப்பிடிப்புக்கு வழி கண்டவர் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில் ஆராய்ந்த மைக்கேல் புவோனகோர். உலோகத்தின்மேல் வண்ணம் நன்கு பற்றுதற்கு முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அதனையே பல்லிற் செய்து பார்த்து, 1955-இல் முடிவை வெளியிட்டார். 85 விழுக்காட்டு அமிலத்தைப் பல்லின் எனாமல்மீது 30 நொடி வைத்துக் கழுவினார். அமிலம் படாத பல்லில் ஒட்டிய அக்ரிலிக் விரைவில் உதிர்ந்தது. அமிலம் பட்ட பல்லிலோ நெடுநாள் நின்றது. காரணம் எளிது. பழஞ்சுவரில் சாந்து பூசுமுன் கொத்தனார் அதனைக் கொத்திவிடுகிறார் அன்றோ? அமிலமும் எனாமலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. பிசின் அவற்றுட் புகுந்து இறுகி, வேரூன்றி நிற்கிறது.

அடுத்து வலிமை வேண்டியிருந்தது. ரபேல் போவென் என்னும் அமெரிக்கர் புதியதொரு பிசினை ஆக்கி, அதனுடன் நுண்ணிய சிலிக்காத் தூளைப் பிணைத்தார். 1962-இல் காப்புரிமையும் பெற்றார். இன்றைய ‘காம்போசிட்’ அடைப்பின் மூலம் இதுவே. 1970-களில் ஒளியால் இறுகும் முறை வந்தது. எனாமலின் உட்புறத்துள்ள ஈரம் மிக்க டென்டினில் பிசின் ஊடுருவிப் பிணையும் முறையை ஜப்பானியரான நகபயாஷி 1982-இல் விளக்கினார்.

பாதரசத்தால் விளையும் கேட்டைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத் தேவைக்கான விலக்குடன், பாதரச அடைப்பை 2025 முதல் நிறுத்திவிட்டது.

வெண்ணிற அடைப்பும் குறையற்றதன்று. இட்டு முடிக்கும் வரை பல் உலர்ந்திருத்தல் வேண்டும். வெற்றிலையும் காப்பியும் அதில் கறை ஏற்றும். பெருங்குழிகளில் அது தேயவும் உடையவும் கூடும். ஆயினும், இதன் வரலாறு அழகின் வரலாறு மட்டுமன்று; நல்ல பல்லை வெட்டாமல் காக்கக் கற்றுக்கொண்ட வரலாறு. சொத்தை சிறிதாயிருக்கும்போதே சென்றால், சிறிதளவே நீக்கிச் சீர் செய்யலாம். வலி வரட்டும் என்று காத்திருப்போர் இந்நன்மையை இழக்கின்றனர்.

நம் காலனித் தாய்மார்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். விளையாட்டில் குழந்தையின் முன்பல் உடைந்தால், அத்துண்டை எறிந்துவிடாதீர்கள். பாலிலோ நீரிலோ இட்டு, உடனே பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பல சமயம் அதனையே மீண்டும் ஒட்டிவிட இயலும். அன்று கண்ட அமில முறை இன்று நம் குழந்தைகளின் சிரிப்பையும் காக்கின்றது.