ஆண்டர்சன் ஓரிடமாதல்

ஒழுங்கற்ற திடப்பொருளில் எலக்ட்ரான் அலை பரவாமல் ஒரு பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும் குவாண்டம் நிகழ்வு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிலிப் ஆண்டர்சன் 1958இல் இதை முன்வைத்தார். மாசுகளில் மோதும் எலக்ட்ரான் தடுமாறினாலும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்றே அதுவரை கருதப்பட்டது. ஒழுங்கின்மை மிகும்போது, சிதறிய அலைகளின் குறுக்கீடு பரவலையே நிறுத்திவிடும் என்று அவர் காட்டினார். 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பரிமாணமே இங்கு முக்கியம். ஆப்ரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, இந்தியரான டி. வி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் 1979ஆம் ஆண்டு அளவுமாற்றக் கோட்பாடு, எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கலைக் கணக்கில் கொள்ளாதது. அதன்படி தனிச்சுழி வெப்பநிலையில் மெல்லிய படலத்தையும் நுண்கம்பியையும் மின்கடத்தாப் பொருளாக்கச் சிறு ஒழுங்கின்மையே போதும்.

இதன் முன்னறிகுறியைச் சோதனையில் தெளிவாகக் காணலாம். மெல்லிய மக்னீசியப் படலத்தைச் சில கெல்வினுக்குக் குளிர்வித்தால், வளையப் பாதையை இரு திசைகளிலும் சுற்றிவரும் அலைகள் தொடங்கிய இடத்தில் ஒரே கட்டத்தில் சேர்வதால் மின்தடை சற்றுக் கூடும். செங்குத்தான காந்தப்புலம் அந்த இசைவைக் குலைக்க, தடை இறங்கும்.

எலக்ட்ரான்களைப் போலவே அணுக்களும் அலையாக நடந்துகொள்வதால், 2008இல் குளிர்விக்கப்பட்ட ருபிடியம் அணுக்களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஓரிடமாதலை நேரடியாகப் பதிவுசெய்தனர்.