எல் நினோவும் எங்கள் ஊர்க் கண்மாயும்

2023 ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து என் பழைய நண்பர் போன் செய்தார். "சார், டிவியில எல் நினோ வருது, மழை இருக்காதுங்கிறாங்க. பாதி வயலத் தரிசாப் போட்டுறலாமா?" என்று கேட்டார். ஏதோ படித்த மனிதன் என்று என்னைக் கேட்டிருக்கிறார். நானும் பெரிய ஆள்போல, "அதுதான் புத்திசாலித்தனம்" என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகையில் அவர் ஊர்க் கண்மாய் நிறைந்துவிட்டது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நண்பர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தரிசாகக் கிடந்த பாதி வயலை மட்டும் ஒருநாள் காட்டினார். அதன்பிறகுதான் இந்த எல் நினோ கதையை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதை நம் மண்ணில் தொடங்குகிறது. தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த 1876-78 பஞ்சம்தான். தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. இறந்தவர்கள் அரைக்கோடிக்கும் மேல். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார் ரிச்சர்ட் டெம்பிள் துரை. அதே சமயம் தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது.

மழை ஏன் பொய்த்தது என்று அரசாங்கம் தேடியது. சென்னை வான்காட்சி நிலையத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழைக்கணக்கு இருந்தது. புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டர் 1877-ல் அதைப் பார்த்து, சூரியனின் கரும்புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதைப் போல மழையும் கூடிக் குறைகிறது என்றார். 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். ஆய்வுக்கூடம் நல்ல வேலை செய்தது, இன்றும் செய்கிறது. ஆனால் மழையின் சாவி சூரியப்புள்ளியில் இல்லை. பழியைச் சூரியன்மேல் போடுவது ஆள்பவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது என்பது என் சொந்தக் கருத்து.

1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்க வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித மேதை. வானிலை அவருடைய துறையே அல்ல. (1913-ல் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்து, அவருக்கு உதவும்படி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் இவரே.) காரணத்தை ஊகிப்பதை அவர் தள்ளிவைத்தார். உலகெங்கிலுமிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம் பற்றிய கணக்குகளை வரவழைத்தார். எதோடு எது சேர்ந்து மாறுகிறது என்று நம்மூர்க் குமாஸ்தாக்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட வைத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம்!

அதில் கிடைத்தது ஒரு ஊஞ்சல். பசிபிக் கடலில் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. இங்கே கூடினால் அங்கே குறைகிறது. 1924-ல் இதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். ஊஞ்சலை ஆட்டுவது எது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் முழுதாகக் கைகூடவில்லை. 1958-ல் காலமானார்.

1969-ல் ஜேக்கப் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி விடை சொன்னார். பசிபிக்கில் வழக்கமாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளும். அங்கே காற்று மேலேறி மழை கொட்டும்; பெரு நாட்டுப் பக்கம் கீழிறங்கி வறட்சியாகும். காற்று தளர்ந்தால் அந்தச் சூடான நீர் கிழக்கே திரும்பும். மழையும் அதன் பின்னால் போகும். அதனால் காற்று இன்னும் தளரும். இதுதான் எல் நினோ. இந்தக் காற்றுச் சுழற்சிக்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயர் வைத்து, இறந்த மனிதருக்கு மரியாதை செய்தார் பியர்க்னஸ்.

அப்படியானால் ஊஞ்சல் ஏன் திரும்பி வருகிறது? 1980-களில் கம்ப்யூட்டர் மாதிரிகள் அதற்கும் ஒரு பதில் தந்தன. கடலுக்கு அடியில் மெதுவாக நகரும் அலைகள் மேற்குக் கரையில் மோதித் திரும்பி வருகின்றன. சில மாதம் கழித்து வந்து சேர்ந்து, நடந்துகொண்டிருப்பதை மாற்றிவிடுகின்றன. எல் நினோ இரண்டிலிருந்து ஏழு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒழுங்கில்லாமல் வருகிறது.

இப்போது என் நண்பரின் வயலுக்கு வருகிறேன். எல் நினோ ஆண்டில் பெரும்பாலும் அடிவாங்குவது தென்மேற்குப் பருவமழை. 2023 ஆகஸ்டில் நாடே காய்ந்தது. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மேற்குமலை மறைப்பதால் நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்தோனேசியா பக்கம் காற்று கீழிறங்கும்போது, இந்தியப் பெருங்கடலில் கிழக்குக்காற்று வலுத்து ஈரத்தை நம் பக்கம் கொண்டுவருகிறது. டெல்லிக்குக் கெட்ட செய்தி பல தடவை நமக்கு நல்ல செய்தி. 2015 எல் நினோவில் சென்னை மூழ்கியது. 2016-ல் அது போனபின் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 2021 எல் நினோவுக்கு எதிரான லா நினா ஆண்டு. ஆனாலும் மழை வெளுத்து வாங்கியது. ஊஞ்சல் ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது.

கடலுக்குள் புகுந்து நீரை முகந்துகொண்டு மேலேறி வரச்சொல்லி மழையை அழைத்தவள் எங்கள் ஊர் ஆண்டாள். மார்கழியில் திருப்பாவையின் நாலாம் பாட்டு காதில் விழும்போதெல்லாம் அந்தத் தரிசு வயல் நினைவுக்கு வருகிறது. இனி யாராவது கேட்டால், "எந்தப் பருவமழையைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்" என்றுதான் சொல்வேன். நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்று சிரித்தார்.