சுருதி சேர்த்த கதை

"சார், பேச்செல்லாம் வேண்டாம், உங்க ரேடியோ கதையை எழுதிக் குடுங்க" என்று மலர்க்குழுத் தம்பிமார் கேட்டபோது முதலில் தயங்கினேன். நம் நண்பர்களில் பாதிப் பேர் ஹாம் வானொலி என்றாலே "இன்னுமா அது இருக்கு?" என்று கேட்பவர்கள். ஆனாலும் போன சந்திப்பின்போது நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொல்ல நூறு வருடக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

சாப்பாடு முடிந்து எல்லோரும் புகைப்படத்துக்கு நின்றபோது நான் நைசாக நழுவி எங்கள் பழைய ஹாம் கிளப் அறைக்குப் போனேன். 1980-களில் நாங்கள் இரவெல்லாம் மோர்ஸ் தட்டிய அதே அறை. ஒரு மாணவியும் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். மேசையில் பழைய டிரான்ஸீவர் ஒன்று, பக்கத்தில் மடிக்கணினி.

"சார், இது செத்துப் போச்சு. ஒரு வாரமா விஸ்பர் போட்டுப் பார்த்தோம். உலகத்துல ஒருத்தர் காதுலயும் விழலை. எடைக்குப் போட்டுடலாம்னு சொல்றாங்க" என்றார் அந்த மாணவி. உரிமம் அவர் பெயரில்தான்.

பவர் மீட்டரைப் பார்த்தேன். அனுப்பும்போது முள் ஒழுங்காக ஏறியது. ஆன்டெனாவிலும் குறையில்லை. "இல்லம்மா, பெட்டி சாகலை. சுருதி விலகியிருக்கு" என்றேன். மூவரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்!

எல்லோருக்கும் ஒரு ஒத்து

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அதோடு சேர வேண்டும். வானொலி உலகத்துக்கு அப்படி ஒரு ஒத்து 1923 மார்ச்சில் கிடைத்தது. அமெரிக்கத் தேசியத் தர அளவுக் கழகம் தன் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையத்திலிருந்து, அளந்து சரிபார்த்த அதிர்வெண்களை ஒலிபரப்பத் தொடங்கியது. அன்று அவர்கள் உறுதியளித்த துல்லியம் நூற்றுக்கு 0.3 பங்கு. அதாவது 10 மெகாஹெர்ட்ஸில் 30,000 ஹெர்ட்ஸ் தவறலாம்! இன்று நமக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு அதுவே பெரிய வரப்பிரசாதம்.

1927-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு ஹாம்களுக்கென்று தனித்தனிப் பட்டைகளை ஒதுக்கியது. வேலி போட்டாகிவிட்டது, இனி வேலிக்கு உள்ளே நிற்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்பதை அவரவரே அறிந்துகொள்ள வேண்டும். அளவுத்திருத்தம் என்பது அன்று முதல் பொழுதுபோக்கு அல்ல, கடமை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய பி.சி.221 என்ற அதிர்வெண்மானி போருக்குப் பின் கழிவு விலைக்கு ஹாம்களின் கைக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதற்கே உரிய அளவுப் புத்தகம் தனி. ஒன்றின் புத்தகம் இன்னொன்றுக்கு உதவாது. கருவியை விற்றாலும் புத்தகத்தைச் சேர்த்தே விற்பார்கள். புத்தகம் தொலைந்தால் கருவி பாதி செத்த மாதிரி.

காது மன்னித்த காலம்

எங்கள் காலத்தில் செட்டுக்குள்ளேயே 100 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டல் கேலிபரேட்டர் இருக்கும். ஒவ்வொரு 100 கிலோஹெர்ட்ஸிலும் மைல்கல் மாதிரி ஒரு 'பீப்' கேட்கும். அந்தக் கிறிஸ்டலையே சரிபார்க்க ஒரு தர நிலையம் வேண்டும். ஒரு காலத்தில் நம் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியோடு 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பியது. இரண்டு ஒலிகளும் நெருங்க நெருங்க 'வ்வாவ்... வ்வாவ்...' என்று ஒரு அலைவு கேட்கும். அது மெதுவாகி மெதுவாகி நின்றுவிட்டால் சுருதி சேர்ந்தது. இதற்கு ஜீரோ பீட் என்று பெயர். வீணைத் தந்தியை முறுக்குபவர் செய்வதும் இதைத்தான்.

சேராவிட்டாலும் பெரிய மோசமில்லை. பேச்சில் 50 ஹெர்ட்ஸ் விலகினால் எதிராளியின் குரல் கொஞ்சம் கட்டையாகவோ கீச்சென்றோ கேட்கும், அவ்வளவுதான். மனிதக் காது பெருந்தன்மையானது. ரேடியோ டெலிடைப்பில் இரண்டு தொனிகளுக்கு இடையே 170 ஹெர்ட்ஸ் இருந்தது. அங்கேயும் குமிழைத் திருகிச் சமாளித்துவிடலாம்.

கணினி மன்னிக்காத காலம்

1998 டிசம்பரில் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினஸ் (ஜி3பி.எல்.எக்ஸ்.) பி.எஸ்.கே.31 என்ற முறையை வெளியிட்டார். வினாடிக்கு 31.25 குறிகள். ஒரு ஆள் பேசும் இடத்தில் பல உரையாடல்கள் அடங்கின. கணினியின் சவுண்ட் கார்டே மோடம் ஆனதால் உலகமெங்கும் பரவியது. ஆனால் பழைய செட்டுகளின் வண்டவாளமும் அப்போதுதான் தண்டவாளம் ஏறியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சில ஹெர்ட்ஸ் நகர்ந்தால் போதும், எழுத்து குப்பையாகிவிடும்.

அடுத்து வந்தவர் ஜோ டெய்லர் (கே1ஜே.டி.). 1974-இல் ரஸல் ஹல்ஸுடன் சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்து, அதற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அதே டெய்லர்தான்! இரைச்சலில் புதைந்த விண்மீன் துடிப்பைத் தோண்டியெடுத்தவர், அதே வித்தையை ஹாம்களுக்கும் தந்தார். 2008-இல் அவர் வெளியிட்ட விஸ்பர் முறையில் தொனிகளுக்கு இடையே ஏறக்குறைய ஒன்றரை ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு செய்தி போக 110 வினாடிக்கு மேல் ஆகும். இரட்டைப்படை நிமிடம் பிறந்ததும் தொடங்கியாக வேண்டும். கேட்பவர்கள் தேடும் ஜன்னல் வெறும் 200 ஹெர்ட்ஸ் அகலம். 2017-இல் அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் (கே9ஏ.என்.) கொண்டுவந்த எஃப்.டி.8, 15 வினாடிக்கு ஒரு முறை. அதில் அதிர்வெண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கடிகாரம் இரண்டு வினாடி பிசகினால் போச்சு.

ஆக, காதுக்குப் போதுமாயிருந்த சுருதி கணினிக்குப் போதவில்லை. நூறாண்டுக் கதையின் சாரம் இவ்வளவுதான்: குறி பலவீனமாக ஆக ஆக, அளவு கறாராக வேண்டும்.

மறுபடி அந்த அறையில்

"இப்ப நாம ஒத்துக்காரரைத் தேடுவோம்" என்றேன். செட்டை அரை மணி நேரம் சூடேற விட்டோம். நேராக அடித்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். காற்று பட்டால் கிறிஸ்டல் ஆடும், "வேர்க்குதே சார்!" என்றான் ஒரு பையன். பிறகு 9.999 மெகாஹெர்ட்ஸில், மேல் பக்கப்பட்டையில் வைத்தோம். சீனாவின் தர நிலையமான பி.பி.எம். 10 மெகாஹெர்ட்ஸில் டிக் டிக்கென்று கேட்டது. செட் சரியாக இருந்தால் அதன் கோடு கணினித் திரையில் 1000 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். நின்றதோ 885-இல்.

"கணக்குப் போடுங்க" என்றேன். மாணவி தாளை எடுத்தார். 10 மெகாஹெர்ட்ஸில் 115 ஹெர்ட்ஸ் தவறு, பத்து லட்சத்துக்கு 11.5 பங்கு. அவர்கள் விஸ்பர் அனுப்பியது 14.0971-இல். அங்கே தவறு 162 ஹெர்ட்ஸ். ஜன்னலின் நடுவில் நிற்பதாக நினைத்தவர்கள், மேல் விளிம்பையும் தாண்டி 62 ஹெர்ட்ஸ் வெளியே நின்றிருக்கிறார்கள்! கதவுக்குப் பதிலாகச் சுவரைத் தட்டிவிட்டு "யாரும் திறக்கலையே" என்ற கதை.

மூடியைக் கழற்றி, ஆதார ஆஸிலேட்டரின் டிரிம்மரை பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம். கோடு நகர்ந்து 1000-ஐத் தொட்டது. ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே போய் மல்லுக்கட்ட வேண்டாம் என்றேன். அயனி மண்டலம் ஏறி இறங்குவதாலேயே அந்த அளவு ஆடும். கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்துவைத்தோம். கடைசியாக, ஒலியளவைக் குறைத்தோம். சத்தம் கூட்டினால் தூரம் போகும் என்பது பேச்சுக்காரர் பழக்கம். இங்கே கூட்டினால் குறி சிதறி அக்கம்பக்கத்தையும் கெடுக்கும்.

நான் ரயிலேறி ஊர் வந்து சேருமுன் மாணவியிடமிருந்து போன். "சார், ஜப்பான்ல கேட்டிருக்காங்க! ஐரோப்பாவிலயும்!" அந்தக் குரலைக் கேட்டபோது, என் முதல் மோர்ஸ் பதில் வந்த இரவு நினைவுக்கு வந்தது. பெட்டி எடைக்குப் போகவில்லை.

தம்பி தங்கைகளுக்கு

இன்று வழிகள் எத்தனையோ. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளோடு பூட்டிய ஆஸிலேட்டர் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யு.2 இ.எஸ்.இ.) வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் போன்ற எளிய செட்டில் டிரிம்மரைத் திருகக்கூட வேண்டாம், மென்பொருளில் ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். ஆனால் எந்த எண்ணோடு ஒப்பிட்டு? அதற்கு வெளியே ஒரு பொது அளவு வேண்டும். தில்லியின் ஏ.டி.ஏ. இப்போது ஒலிப்பதில்லை. 2019 நிதியாண்டுக்கான அமெரிக்க வரவுசெலவுத் திட்ட முன்மொழிவில் டபிள்யூ.டபிள்யூ.வி.யை மூடும் யோசனைகூட இருந்தது, நல்லவேளை தப்பியது. ஒத்து ஊதுபவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால், "செத்துப் போச்சு" என்று எழுதுமுன் அதை ஒரு நம்பகமான அளவோடு வைத்துப் பாருங்கள். எவ்வளவு தவறு, எந்தப் பக்கம் தவறு என்று ஒரு நோட்டில் தேதியோடு குறியுங்கள். பி.சி.221-க்கு ஒரு புத்தகம் இருந்தது போல நம் கிளப் செட்டுக்கும் இப்போது ஒரு நோட்டு உண்டு. முதல் வரி அந்த மாணவியின் கையெழுத்தில்: "10 மெ.ஹெ., பிழை 115, திருத்தப்பட்டது."

அடுத்த சந்திப்பில் அந்த நோட்டில் எத்தனை பக்கம் நிறைந்திருக்கிறது என்று வந்து பார்ப்பேன். அதுவரை, தந்திக்காரர் காலத்திலிருந்து ஹாம்கள் சொல்லிவரும் வாழ்த்தையே நானும் சொல்லி முடிக்கிறேன்: அனைவருக்கும் 73!