ஹை அவுட்புட் ஹம்பக்கர்: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எது சரி? 'கிலோ ஓம்' எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா?

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் கட்டாயம் வரும் ஆசை, பிக்கப்பை மாற்றுவது. ராக், மெட்டல் வாசிக்கும்போது சத்தத்தில் கனம் போதவில்லை என்று தோன்றும். தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது 'ஹை அவுட்புட் ஹம்பக்கர்'. பக்கத்திலேயே ஓர் எண்ணும் இருக்கும். 8 கிலோ ஓம், 13 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று.

எண் பெரிசா இருந்தா பவர் அதிகம் என்று நினைத்துப் பலரும் வாங்கிவிடுகிறார்கள். மாட்டிய பிறகுதான் சிக்கல் தெரியும். டிஸ்டார்ஷன் வந்துவிடும், ஆனால் கிளீன் டோன் காணாமல் போயிருக்கும். கார்டு வாசித்தால் எல்லா ஸ்வரமும் ஒன்றாகக் குழம்பும். தொடக்கநிலை கிட்டாரின் விலையில் கணிசமான பங்கு இந்த ஒரு பொருளுக்கே போய்விடும் என்பதால், வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஹம்பக்கர் என்றால் என்ன?

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய காயிலும் சேர்ந்த அமைப்பு. மேலே உலோக ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் மாறும். அந்த மாற்றம் காயிலில் சிறு மின்சாரத்தை உண்டாக்கும். அதுதான் கேபிள் வழியாக ஆம்ப்புக்குப் போகிறது.

ஒரே காயில் இருக்கும் 'சிங்கிள் காயில்' பிக்கப்பில் ஒரு தொல்லை உண்டு. வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்தே பிடிக்கும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரோ பழைய டியூப் லைட் சோக்கோ இருந்தால், வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும்.

இதற்குத் தீர்வாகத்தான் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர், 1955இல் இரண்டு காயில் கொண்ட பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு காயிலிலும் சுற்று எதிரெதிர், காந்தத் துருவமும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடும். ரீங்காரத்தை அடக்குவதால்தான் 'ஹம்பக்கர்' என்று பெயர்.

'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஆங்கில வாசகம் இந்த பிக்கப்களின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் சுருக்கமே இன்றைக்கும் கிட்டார் உலகம் கொண்டாடும் 'பிஏஎஃப்'. இவற்றின் மின்தடை பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும்.

ஹை அவுட்புட் எப்போது வந்தது?

இன்று ஒரு சிறிய பெடலே வேண்டிய அளவு டிஸ்டார்ஷன் கொடுத்துவிடும். 1970களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. அன்றைய பெரும்பாலான வால்வு ஆம்ப்களில் டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் வால்யூமை உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிட்டாரிலிருந்து வரும் சிக்னலே பலமாக இருந்தால் ஆம்ப் சீக்கிரம் 'உடையும்' என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் ஹை அவுட்புட் பிக்கப்கள்.

1972இல் லாரி டிமார்சியோ கொண்டுவந்த 'சூப்பர் டிஸ்டார்ஷன்' இந்த வகையின் முன்னோடி. செராமிக் காந்தம், ஏறக்குறைய 13.7 கிலோ ஓம் மின்தடை. கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி, ஜாஸ் ஃப்யூஷன் கலைஞர் அல் டி மியோலா எனப் பலர் இதைப் பயன்படுத்தினார்கள். அடுத்து சீமோர் டங்கன் நிறுவனத்தின் 'ஜேபி' புகழ்பெற்றது. அல்நிகோ 5 காந்தம், 16 கிலோ ஓமுக்குச் சற்று மேல்.

அப்படியென்றால் 16 என்பது 13.7ஐ விட பவர் அதிகமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிலோ ஓம் என்பது அவுட்புட்டின் அளவு இல்லை. காயில் கம்பியின் மின்தடை மட்டுமே அது. கம்பி நீளமானால் மின்தடை கூடும், மெல்லியதானாலும் கூடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். பிஏஎஃப் வகை பிக்கப்களில் 42 கேஜ் கம்பி பயன்படுகிறது. 8 கிலோ ஓம் உள்ள அந்த பிக்கப்பை, சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் அதைவிட மெல்லிய 44 கேஜ் கம்பியில் சுற்றினால், மின்தடை ஏறக்குறைய 12 கிலோ ஓமுக்குப் போய்விடும். சுற்று கூடவில்லை, காந்தம் மாறவில்லை, அதனால் அவுட்புட்டும் பெரிதாகக் கூடாது. எண் மட்டும்தான் கூடியிருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. செம்பின் மின்தடை வெப்பத்தோடு மாறும். ஏசி அறையில் 16 கிலோ ஓம் காட்டிய பிக்கப்பை, 10 டிகிரி கூடுதலான வெயில் நேரத்தில் அளந்தால் 16.6 காட்டும். பிக்கப் அதேதான்.

எனவே கம்பியும் காந்தமும் வேறு வேறான இரண்டு பிக்கப்களை இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே நிறுவனம், ஒரே வகைக் கம்பி, ஒரே காந்தம் என்றால் மட்டும் ஓரளவுக்கு ஒப்பிடலாம். நிறுவனம் மில்லிவோல்ட் அளவையோ, பாஸ், மிட், ட்ரெபிள் விவரத்தையோ கொடுத்திருந்தால் அதைப் பார்ப்பது பயனுள்ளது.

சுற்று கூடினால் ஒலி எப்படி மாறும்?

நிஜமாகவே சுற்றுகளைக் கூட்டினால் சிக்னல் பலமாகும். ஆனால் காயிலின் இண்டக்டன்ஸும் சேர்ந்து கூடும். அதனால் உச்ச ஒலிகள் குறைந்து, நடு ஒலிகள் தூக்கலாகும். ஹை அவுட்புட் பிக்கப் 'தடித்த' ஒலி தருவதாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

அதாவது காசு கொடுத்து வாங்குவது வெறும் பவரை மட்டும் அல்ல. கூடவே ஒரு ஒலிநிறமும் வருகிறது. சோலோ வாசிக்கும்போது அந்த நடு ஒலி கிட்டாரை முன்னால் கொண்டுவரும். ஸ்வரம் நீடித்து நிற்பதுபோலக் கேட்கும். அதே சமயம், மெதுவாக மீட்டினால் ஒரு ஒலி, ஓங்கி மீட்டினால் வேறு ஒலி என்ற நுணுக்கம் மங்கும். கிளீன் டோனின் பளபளப்பும் குறையும்.

காந்தமும் முக்கியமா?

முக்கியம்தான். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தத்தில் ஒலி சற்று மென்மை, விரலுக்கு இணங்கும் தன்மை அதிகம் என்பார்கள். செராமிக் காந்தம் பலமானது. கூர்மையான, இறுக்கமான ஒலிக்குப் பெயர்போனது. வேகமான மெட்டல் ரிஃப்களுக்குப் பலர் செராமிக்கை விரும்புவது இதனால்தான். ஆனால் இது பொதுவான போக்கு மட்டுமே. காயிலும் காந்தமும் சேர்ந்துதான் கடைசி ஒலியை முடிவு செய்யும்.

ஆக்டிவ் பிக்கப் என்றால்?

கலிஃபோர்னியாவின் இஎம்ஜி நிறுவனம் பிரபலமாக்கிய வகை இது. காயிலில் சுற்றுகள் குறைவு. பிக்கப்புக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருந்து சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும். அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், கிர்க் ஹாம்மெட், பிளாக் லேபிள் சொசைட்டியின் ஸாக் வைல்ட் ஆகியோரால் 'இஎம்ஜி 81' உலகப் புகழ் பெற்றது.

நன்மைகள்: இரைச்சல் மிகக் குறைவு. நீளமான கேபிள் போட்டாலும் உச்ச ஒலி மங்காது.

கவனிக்க வேண்டியவை: கிட்டாருக்குள் பேட்டரி வைக்க இடம் வேண்டும். சாதாரண ஹம்பக்கருக்குப் போடும் 500 கிலோ ஓம் வால்யூம் பாட் இதற்குப் பொருந்தாது, பொதுவாக 25 கிலோ ஓம் பாட் வேண்டும். கேபிளைக் கழற்றாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். மேடைக்குப் போகும்போது பையில் இன்னொரு பேட்டரி இருப்பது நல்லது.

கனமான ஒலிக்கு ஹை அவுட்புட் கட்டாயமா?

இல்லவே இல்லை. இதற்கு நல்ல உதாரணம் எடி வான் ஹேலன். 1978இல் வந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம், ராக் கிட்டார் ஒலியையே மாற்றியதாகக் கொண்டாடப்படுகிறது. அவர் தானே கட்டிய 'ஃபிராங்கன்ஸ்ட்ராட்' கிட்டாரில் இருந்தது, ஒரு கிப்சன் இஎஸ்-335 கிட்டாரிலிருந்து கழற்றிய பிஏஎஃப். ஃபீட்பேக்கில் கீச்சிடாமல் இருக்க அதை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தார். மற்றபடி கனம் வந்தது ஆம்ப்பிலிருந்தும் கையிலிருந்தும்தான்.

இன்றைய ஆம்ப், பெடல், கணினி மென்பொருள் எல்லாவற்றிலும் கெயின் தாராளமாக இருக்கிறது. வீட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் பதிவு செய்பவர்களுக்கு ஹை அவுட்புட் சில சமயம் தொல்லையாகக்கூட முடியும். கெயினை அடிமட்டத்தில் வைத்தாலும் சிவப்பு விளக்கு எரியும், பதிவு கரகரக்கும்.

யாருக்கு எது பொருந்தும்?

மெல்லிசைக் குழுவில் சினிமா பாடல்கள் வாசிப்பவர்: ஒரு பாட்டுக்கு கிளீன் கார்டு, அடுத்த பாட்டுக்கு ராக் சோலோ என்று மாறிக்கொண்டே இருக்கும். நடுத்தர அவுட்புட் ஹம்பக்கர் போதும். நான்கு ஒயர் உள்ளதாக வாங்கினால், ஒரு ஸ்விட்ச் வைத்து ஒரு காயிலை மட்டும் இயக்கும் 'காயில் ஸ்ப்ளிட்' வசதி கிடைக்கும். ஆனால் அந்த நிலையில் ரீங்காரம் திரும்ப வரும்.

கிளாசிக் ராக், ஹார்ட் ராக் வாசிப்பவர்: அல்நிகோ காந்தம் கொண்ட ஜேபி போன்றவை, அல்லது சூப்பர் டிஸ்டார்ஷன். கிட்டாரின் ஒலி ஏற்கனவே கூர்மையாக இருந்தால், இவற்றின் நடு ஒலி அதைச் சமன் செய்யும்.

ட்யூனிங்கைக் கீழிறக்கி மெட்டல் வாசிப்பவர்: பாஸ் இறுக்கமாக உள்ள செராமிக் வகை அல்லது ஆக்டிவ். ஏற்கனவே மந்தமாக ஒலிக்கும் கிட்டாரில் நடு ஒலியும் பாஸும் தூக்கலான பிக்கப்பைப் போட்டால் ரிஃப் சேறாகிவிடும்.

வாங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஸ்ட்ரிங் இடைவெளி: பிரிட்ஜ் பக்கம் ஆறு ஸ்ட்ரிங்குகளின் அகலம் எல்லா கிட்டாரிலும் ஒன்றல்ல. கிப்சன் வகைக்கு ஏறக்குறைய 49 மில்லிமீட்டர் பிக்கப் பொருந்தும். ட்ரெமோலோ பிரிட்ஜ் உள்ள கிட்டார்களுக்கு 51 முதல் 53 வரை உள்ளவை வரும். அளந்துவிட்டு வாங்குங்கள்.

இடம்: பிரிட்ஜுக்கா, நெக்குக்கா என்று பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங்கின் அசைவு குறைவு என்பதால், பலமான பிக்கப் பெரும்பாலும் அங்கேதான் போகும். நெக்கிலும் அதையே போட்டால் ஒலி அடைத்துக்கொள்ளும்.

குழி: சிங்கிள் காயில் குழியில் சாதாரண ஹம்பக்கர் நுழையாது. மரத்தைக் குடைய வேண்டாம் என்றால், அதே அளவில் வரும் 'ரெயில்' வகை ஹம்பக்கர்கள் உண்டு.

ஒயர் நிறம்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் சிக்னல் ஒயர் கறுப்பு, டிமார்சியோவில் சிவப்பு. ஒன்றின் வரைபடத்தை வைத்து இன்னொன்றைச் சால்டர் செய்தால் ஒலி மெலிந்துபோகும், இல்லையென்றால் வரவே வராது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஆம்ப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலையோ, எர்த் சரியில்லாத பிளக் பாயிண்டால் வரும் சத்தத்தையோ ஹம்பக்கர் முழுசாகப் போக்காது.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது என்ன?

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இருக்கும் பிக்கப்பின் உயரத்தைச் சரி செய்து பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிரிட்ஜில் 1.6 மில்லிமீட்டர், நெக்கில் 2.4 மில்லிமீட்டர் என்பது கிப்சன் வகைக் கிட்டார்களுக்கான வழக்கமான தொடக்க அளவு. பிக்கப்பை உயர்த்தினால் அவுட்புட் கூடும், இறக்கினால் தெளிவு கூடும். ரொம்ப நெருங்கினால் ஸ்ட்ரிங்கை காந்தம் இழுத்து, ஸ்வரம் நீடிக்காமல் போகலாம்.

பழைய ஸ்ட்ரிங்கை மாற்றி, உயரத்தைச் சரி செய்து, ஆம்ப்பில் மிட் குமிழையும் திருப்பிப் பார்த்த பிறகும் என்ன குறைகிறது என்று கேளுங்கள். பலம் குறைகிறதா, நடு ஒலி குறைகிறதா, தெளிவு குறைகிறதா? பலமோ நடு ஒலியோ குறைந்தால் ஹை அவுட்புட் ஹம்பக்கர் உதவும். தெளிவுதான் குறைகிறது என்றால், தேட வேண்டியது அவுட்புட் குறைவான பிக்கப்பை. கடைக்காரர் காட்டும் கிலோ ஓம் எண்ணில் இதற்கான பதில் இருக்காது.