ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஏரியை ஒட்டிக் கிடந்த பருத்திப்பட்டை, வேலைக்குப் போகிறவர்களின் ஊராக்கியது அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள்தான். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் வேண்டுமென்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் ஆவடிக்கு வந்தன. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று இங்கே ஒரே தெருவில் பிறக்கும் மூன்று குழந்தைகளுக்கு மூன்று விதமான தொடக்கம் வாய்க்கலாம். தாய் மத்திய அரசு ஊழியரானால் சம்பளத்தோடு 180 நாள் விடுப்பு, அதற்குமேல் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு. அம்பத்தூர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தைப்பவரானால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டின் வழியாக 26 வாரம். வீட்டு வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போகிறவரானால் விடுப்பு என்ற பேச்சே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மாநில அரசு உதவித்தொகை கிடைத்தால் உண்டு. தாய்க்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று நம் சட்டங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று சரியாகக் கேட்டதில்லை என்பதே என் வாதம்.

பழைய கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். சென்னை மாகாணம் 1934-லேயே பேறுகாலச் சட்டம் இயற்றியது. 1961-இல் வந்த மத்தியச் சட்டம் 12 வாரம் கொடுத்தது. அதில் பாதி பிரசவத்துக்கு முன், பாதி பின். பச்சை உடம்பு தேறுவதற்கு ஆறு வாரம் என்ற கணக்கு அது. பிள்ளை வளர்வதற்கான கணக்கல்ல. குழந்தைக்கென்று அந்தச் சட்டம் வைத்தது, 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே பாலூட்ட இரண்டு இடைவேளை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாய் அம்பத்தூரில் இருக்க, பிள்ளை பருத்திப்பட்டில் இருந்தால் அந்த இடைவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்தில் காப்பகம் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காப்பகம் கேட்டது உண்மை. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மட்டும். 1976-இல் அது முப்பதாகக் குறைந்தது. பெண்களை மட்டும் எண்ணி வரம்பு வைத்தால், அந்த எண்ணிக்கையைத் தொடாமல் நிறுத்திக்கொள்ள முதலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 திருத்தம்தான் ஆண், பெண் சேர்த்து ஐம்பது பேர் என்று மாற்றியது. விடுப்பையும், முதலிரண்டு பிள்ளைகளுக்கு, 26 வாரமாக்கியது.

விடுப்பை நீட்டினால் பிள்ளை நன்றாக வளர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. உலக வங்கிக் கடனில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே குறிவைத்தது. மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்து லட்டு கொடுத்தார்கள். பெரும்பாலும் பிள்ளை தேய்வது தாய்ப்பாலோடு மற்ற உணவும் தொடங்கும் அந்தக் காலத்தில்தான் என்பது அதன் அடிப்படை. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் புகழில் இது மங்கிவிட்டது. அந்தத் திட்டமோ இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளைத்தான் தட்டின் முன் உட்கார வைத்தது. இன்றும் அங்கன்வாடியில் பகல் முழுக்க விட்டுவரலாம் என்றால் பொதுவாக இரண்டு வயது ஆக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு சத்துமாவு வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வராது. 26 வாரத்தில் விடுப்பு முடிகிறது, அதாவது பிசைந்த சோறு ஊட்டத் தொடங்கும் மாதத்தில். மிச்சம் ஒன்றரை வருடம் யார் பொறுப்பு? பாட்டி இருக்கிறாளே என்பார்கள். பிழைப்புக்காக இங்கே குடிவந்த பல வீடுகளில் பாட்டி ஊரில் இருக்கிறாள், அல்லது அவளும் எங்கோ பாத்திரம் தேய்க்கிறாள். அப்பாவைப் பற்றியோ, தனியார் வேலைக்கான சட்டம் வாயே திறக்கவில்லை.

கனமான ஆட்சேபம் வேறொன்று: விடுப்பு நீள நீளப் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள். தயங்குவார்கள்தான். ஆனால் அது செலவை யார் தலையில் வைத்தோம் என்பதால் வரும் தயக்கம். 1961 சட்டம் வகுத்த முறையில் முழுச் சம்பளமும் அந்த ஒரு முதலாளியின் பையிலிருந்து போக வேண்டும். ஈ.எஸ்.ஐ. முறையில் அப்படியில்லை. சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். ஆண் தொழிலாளிக்கும் அதே விகிதம். பெண்ணை எடுக்காமல் விட்டால் அந்தப் பங்கில் ஒரு காசும் மிச்சமாகாது. குறை என்னவென்றால், மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக இந்தக் குடை கிடையாது. வீட்டு வேலைக்காரருக்கு எப்போதுமே கிடையாது.

காப்பகத்துக்கும் இதே வழி பொருந்தும். பத்துப் பதினைந்து பேரை வைத்து நடக்கும் பட்டறைகள் அம்பத்தூரில் ஏராளம். ஐம்பது என்ற வரம்பு அவற்றைத் தொடாது. ஆனால் 2017 திருத்தம் காப்பகத்தைப் பல நிறுவனங்கள் பொதுவாக வைத்துக்கொள்ளவும் இடம் தந்தது. ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் இவ்வளவு என்று மாதாமாதம் கட்டும் கணக்குப் புத்தகம் அந்தப் பட்டறைகளில் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் காப்பகத்துக்கென இன்னொரு பத்தி சேர்ப்பதுதான் பாக்கி.