இளைஞர் மன்றங்களும் அரச நிதியும்: அட்டாளைச்சேனையை முன்வைத்து ஒரு குறிப்பு

1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடுத்து, இளைஞர் பிரச்சினை அரசின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாண்டே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு கல்விக்கும் தொழில்வாய்ப்புக்குமிடையிலான முரண்பாட்டைச் சுட்டிற்று. முரண்பாட்டின் வேர் பொருளாதார அமைப்பிலிருந்தது. அரசோ 1979இன் 69ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தை அமைத்து, ஊர்க் கழகங்களை அதனுடன் இணைத்தது.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1981இல் கிராம சபைகள் ஒழிந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987இல் பிரதேச சபைச் சட்டம் நிறைவேறியும், கிழக்கில் தேர்தல் 1994இலேயே நடைபெற்றது. எனவே, வயலையும் கடலையும் நம்பிய, ஆசிரியர் கலாசாலையும் கொண்ட அட்டாளைச்சேனை போன்ற ஊர்களுக்கு நிதி மேலிருந்தே இறங்கிற்று. கணக்குக் கேட்கும் தெரிவுசெய்யப்பட்ட சபை ஊரில் இருக்கவில்லை. இளைஞர் பயனாளிகளாயினர், பங்காளிகளாகவில்லை. பொதுநிதி மக்களின் உழைப்பில் விளைந்தது. அதனைப் பங்கிடும் அதிகாரமும் அவர்களுக்கே உரியது.