போடி ஏலக்காய்ச் சந்தையின் தட்டுப்பாட்டுக் காலங்கள்

போடிநாயக்கனூருக்கு வரும் ஏலக்காயில் பெரும்பகுதி மாநில எல்லைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலைகளில் விளைகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகச் சரக்கு கீழே இறங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் பல, மேலே தோட்டமும் கீழே வீடும் கிட்டங்கியுமாக வாழ்ந்தவை. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 1956-இல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேராமல் கேரளத்திலேயே நின்றதால், தோட்டம் ஒரு மாநிலத்திலும் சந்தை இன்னொன்றிலுமாகவே தொடர்ந்தன; வியாபாரம் நிற்கவில்லை.

கோடை மழை தவறினால் ஏலச்செடியின் சரம் காயும். அடைமழை நீடித்தால் அழுகல் நோய் தூரையே தின்னும். புதிதாக நட்டது பலன் தர இரண்டு, மூன்று ஆண்டாகும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். ஆகவே ஒரு பருவத்துத் தட்டுப்பாட்டை அந்தப் பருவத்திலேயே சரிக்கட்ட முடியாது.

முன்பெல்லாம் அந்தத் தட்டுப்பாடே விவசாயிக்குப் பலமாக இருந்தது. உலகச் சந்தையில் இந்தியக் காய்க்குப் பெரிய போட்டி இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோன செடி அந்த நிலையைக் கெடுத்தது. 1980 வாக்கில் அந்நாடு உற்பத்தியில் இந்தியாவை முந்தியது. இடுக்கியில் மழை பொய்த்தாலும் வளைகுடா வியாபாரி காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று.

பிறகு விற்கும் முறையும் மாறியது. 2006-இல் எம்.சி.எக்ஸ். பண்டச் சந்தையில் ஏலக்காய் முன்பேர வணிகம் தொடங்கியது. கையில் ஒரு காய்கூட இல்லாதவரும் விலையின் மேல் பணம் போட முடிந்தது. மறு ஆண்டு நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. குரல் கொடுத்துக் கேட்ட வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்தார்கள். மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்து, ஒரு காயை உரித்து விதையைச் சோதிக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கே முதல் மரியாதை.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளமும் அடுத்த கோடையின் வறட்சியும் தோட்டங்களை அடுத்தடுத்துத் தாக்கின. ஆயிரத்தை ஒட்டியே நின்ற காய், 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அது உச்ச விலைதான். சராசரி வெகு கீழே இருந்தது. தோட்டக்காரர்களில் பலரிடம் விற்கக் காயே இல்லை. லாபம் பார்த்தவர்கள் பழைய இருப்பை வைத்திருந்தவர்கள்.

அந்த விலையை நம்பி நட்ட செடிகள் காய்த்தபோது சந்தை நிரம்பி வழிந்தது. 2022-இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே போனது. பலருக்கு உற்பத்திச் செலவே தேறவில்லை.